எட்டாம் மாடிச் சமையலறைச் சுவர்

குப்பைப் பையைப் பார்த்துக் கண் கலங்குகிற மனிதரை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

அதுவும் புத்தம்புதுப் பைகள், கட்டுக்கூடப் பிரிக்காதவை. தாக் ஐயா வீட்டுக் கதவுப் பிடியில் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு கட்டோடு நாலு மாண்டரின் ஆரஞ்சு வேறு.

"இன்னிக்குக் காலையில வந்தது மட்டும் இவ்வளவு," என்றார் தாக் ஐயா. "ராத்திரி படுக்கும்போது கதவுல ஒண்ணுமில்ல. காலையில பாலெடுக்கத் திறந்தா இப்படி."

"கையெழுத்தை வாபஸ் வாங்கறவங்க பழம் வெச்சுட்டுப் போறாங்களா? எங்க வீட்டுக்காரர் விவாகரத்துக் கேட்டப்ப ஒரு டீகூட வாங்கித் தரல," என்றேன்.

"ஊன்ஜு," என்றார் பாஸ். வாயை மூடு என்பதை அவர் என் பெயரைச் சொல்லித்தான் சொல்லுவார்.

பாஸ் என்றால் நம்குங். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோசடி பிடிக்கிற வேலையில் இருந்துவிட்டு, தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். யானை மாதிரி உடம்பு, நடையும் அப்படியே. நான் அவருக்கு உதவியாள், டிரைவர், டீ வாங்குகிறவள், அவர் சொல்லாததை வெளியில் சொல்லுகிறவள்.

விஷயம் இதுதான். தாக் ஐயா சியோலில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி யொன்சுன் அம்மாவுக்குப் பனிக்காலத்தில் முதுகுத்தண்டில் ரத்தம் அடைத்து இடுப்புக்குக் கீழே போய்விட்டது. கை இருக்கிறது, வாய் இருக்கிறது, சக்கர நாற்காலி இருக்கிறது. "என் அடுப்பு முன்னாடி என்னால போய்ச் சேர முடியும்னா வீட்டுக்கு வரேன். பூந்தொட்டி மாதிரி கூடத்துல உக்கார வெச்சுத் தண்ணி ஊத்தறதுக்குன்னா வரல," என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார். அந்தச் சமையலறையில் சக்கர நாற்காலி திரும்பாது. பின் பால்கனிக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுத்தால் திரும்பும்.

சுவரை எடுக்க டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ் பர்மிட் வேண்டும். பர்மிட்டுக்கு அந்த பிளாக்கில் பாதி வீடுகளின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அப்புறம் இன்ஜினீயர் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, எடுத்தால் ஆபத்தில்லை என்று எழுதித் தரவேண்டும். தாக் ஐயா வீடு வீடாகப் போய், சத்தத்துக்கு மன்னிக்கணும் என்று குனிந்து வணங்கி, இந்த ஊர் வழக்கப்படி ஆளுக்கொரு கட்டு, காசு கொடுத்து வாங்குகிற நகராட்சிக் குப்பைப் பை கொடுத்து, பாதிக்கு மேலேயே கையெழுத்து வாங்கிவிட்டார். போன வாரத்திலிருந்து ஒவ்வொருவராக ஆபீஸுக்குப் போய் "என் சம்மதத்தை எடுத்துக்கறேன்" என்கிறார்கள். கொடுத்த பையும் கதவுக்கு வந்துவிடுகிறது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பாதி வீடு தேறலேன்னா மனு தள்ளுபடி," என்றார் தாக் ஐயா. "அதே வெள்ளிக்கிழமைதான் ஆஸ்பத்திரியிலயும் கெடு. வீடு தயாராகும்னு காட்டலேன்னா யொன்சுன்னை காங்வொன்ல இருக்கிற பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க. மலைக்கு அந்தப் பக்கம். நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணல சார். யாரோ இவங்க மனசைக் கலைக்கறாங்க. யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. காலைப் புடிச்சாவது கேட்டுக்கறேன்."

எனக்கு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. சுத்தமாக இஸ்திரி போட்ட சட்டை, ஆனால் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தார்.

பாஸ் ஒரு பைக் கட்டைக் கையில் எடுத்தார். "நீங்க குடுத்த பை இதுதானா?"

"இதே சைஸ்தான்."

"நீங்க எங்க வாங்கினீங்க?"

"பெரிய மார்க்கெட்ல. ஏன்?"

"ஊன்ஜு, உங்க வீட்ல குப்பைப் பை எத்தனை நாள் பிரிக்காம இருக்கும்?"

"வாங்கின அன்னிக்கே பிரிஞ்சிடும் பாஸ். எங்க வீட்ல குப்பைக்குப் பஞ்சமே இல்ல."

"பார்த்தீங்களா. நீங்க பை குடுத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இத்தனை வீட்லயும் ஒருத்தர்கூடப் பிரிக்காம பத்திரமாவா வெச்சிருப்பாங்க? எல்லாருமே உங்க பையைப் பயன்படுத்தித் தீர்த்துட்டாங்க. இது புதுசா வாங்கினது. எல்லாக் கட்டுலயும் ஒரே நீலக் காகிதப் பட்டை. ஒரே கடை. ஒருத்தரே மொத்தமா வாங்கி, வாபஸ் வாங்கற வீட்டுக்கெல்லாம் 'இந்தாங்க, வாங்கினதைத் திருப்பிக் குடுத்து மானத்தைக் காப்பாத்திக்கோங்க'ன்னு விநியோகம் பண்ணியிருக்காங்க."

"கமிட்டித் தலைவர்!" என்றார் தாக் ஐயா பளிச்சென்று.

அந்த ஊகம் தப்பில்லை. கீழே வாசலில் ஆளுயரப் பேனர் கட்டியிருந்தார்கள்: "வாழ்த்துகள்! நம் குடியிருப்பு ஆபத்தானது என்று அறிவிக்கப்பட்டுவிட்டது!" வெளியூர்க்காரன் பார்த்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று நினைப்பான். ஆபத்தான கட்டடம் என்று சோதனையில் தேறினால்தான் இடித்துவிட்டுப் புதுசாய்க் கட்ட வழி பிறக்கும். பழைய அபார்ட்மெண்டில் இருக்கிறவர்கள் எல்லாம் "கடவுளே, எங்க வீடு ஃபெயிலாகணும்" என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். அப்படியிருக்கும்போது, சுவரை எடுத்தாலும் கட்டடம் நிற்கும் என்று ஒரு இன்ஜினீயர் எழுதிக் கொடுத்தால் கமிட்டித் தலைவர் சும்மா இருப்பாரா?

பாஸ் மறுத்துத் தலையாட்டினார். "தலைவரா இருந்தா நேரா பேனர் கட்டுவார். இப்படிப் பழம் வெச்சு மன்னிப்புக் கேக்க மாட்டார். இது உங்க மேல பாசம் வெச்சிருக்கிற யாரோ."

பாஸுக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்காமல் சமையலறைக்குள் நுழைந்துவிடுவார். அன்றைக்கும் நுழைந்தார். சின்னச் சமையலறைதான். துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அடுப்பின் மேல் ராம்யொன் நூடுல்ஸ் கொதிக்க வைக்கிற சட்டி ஒன்று மட்டும். மூலையில், கிம்ச்சி ஊறுகாய்க்கென்றே வாங்குகிற கிம்ச்சி ஃப்ரிட்ஜ், பால்கனிச் சுவரை ஒட்டி. அதனால் பக்கத்து இழுப்பறை பாதிதான் திறக்கும்.

"இதை ஏன் இங்க வெச்சீங்க? இழுப்பறையை இடிக்குதே," என்று பாஸ் அதன் மேல் கை வைத்தார்.

"நகர்த்தாதீங்க!" தாக் ஐயா கிட்டத்தட்டக் கத்திவிட்டார். உடனே குரலைத் தழைத்துக்கொண்டார். "கீழ் வீட்டுல போங் அம்மா இருக்காங்க. ஸ்பூன் விழுந்தாலே இன்டர்காம்ல கூப்பிட்டுச் சண்டைக்கு வருவாங்க."

பாஸ் நகர்த்தவில்லை. செல்போன் விளக்கைப் போட்டு, ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. என்னவென்று கேட்டேன். "ஒட்டடை," என்றார்.

பொய். பத்து வருஷமாகக் கூட இருக்கிறேன், ஒட்டடைக்கெல்லாம் அப்படி முகம் சுருங்காது.

பின்கேட்டுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில், காலித் தட்டில் நீலக் காகிதப் பட்டை ஒன்று மட்டும் கிடந்தது. கடைக்காரர் டிவியில் பேஸ்பால் பார்த்துக்கொண்டே எங்களைப் பார்க்காமல் பேசினார்.

"குப்பைப் பையா? தீர்ந்து போச்சு. இருந்ததை எல்லாம் அந்தம்மா அள்ளிக்கிட்டாங்க."

"எந்தம்மா?" என்றேன்.

"ஏழாவது மாடி. சத்தத்துக்குச் சண்டை போடுமே, அந்தம்மா. இங்க வந்தும் 'டிவி சத்தத்தைக் குறை'ன்னுட்டுத்தான் பை கேட்டாங்க. நீங்க என்ன, குப்பை இலாகாவா?"

"இல்ல, குப்பை கிளறுற இலாகா," என்றேன்.

வெளியே வந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாஸ், கேஸ் முடிஞ்சுது. சத்தத்துக்குப் பயந்த கிழவி, மேல்வீட்ல சுவர் இடிக்கக் கூடாதுன்னு பிளாக்கையே கலைச்சிருக்கா. கேரட் கேக் வாங்கிட்டுப் போய்க் கெஞ்சினா மசிஞ்சிடுவா. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து ரெடி."

பாஸ் லிஃப்ட் பட்டனை அமுக்கினார். "நீ சொல்ற மாதிரியே இருக்கட்டும் ஊன்ஜு." அந்தக் குரலில் நம்பிக்கையே இல்லை.

போங் அம்மா அவரைக்காய் அளவுக்கு இருந்தார். ஆனால் கதவைத் திறந்தது ஒரு கலெக்டர் தோரணை. "செருப்பைச் சத்தமில்லாம கழட்டுங்க," என்றார். கூடத்தில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் சோயா முளையை மலையாய்க் குவித்து வால் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"பை வாங்கினது நான்தான். அதுக்கு இப்ப என்ன? குப்பைப் பை வாங்கறது குத்தமா?"

"ஒரு வீட்டுக்கு இவ்வளவு குப்பையா அம்மா?" என்றேன்.

"என் வீட்டுக் குப்பை எவ்வளவுன்னு எண்ண நீ யாரு? போம்மா."

"தாக் ஐயாவோட மனைவி வெள்ளிக்கிழமை..." என்று பாஸ் ஆரம்பித்தார்.

"எனக்குச் சொல்றீங்களா?" போங் அம்மா முளையைத் தாளில் விட்டெறிந்தார். "யொன்சுன் யாருன்னு நினைச்சீங்க? முப்பது வருஷமா மேலயும் கீழயும் குடியிருக்கோம். ஞாயித்துக்கிழமை ஆனா ஆஸ்பத்திரிக்குப் போய் அவ தலையை வாரிவிடறது யாரு? நான். அவர் போய் ஓரமா நின்னு அழுதுட்டு வருவார், அவ்வளவுதான்."

அந்த நேரம் பார்த்து மேலே கிரீச் என்று ஒரு நாற்காலி இழுபட்டது. மெல்லிய சத்தம்தான், நான் கவனித்திருக்கவே மாட்டேன். போங் அம்மா பாய்ந்து இன்டர்காமை எடுத்தார். "காவல்காரரே! எட்டாம் மாடிக்காரர்கிட்ட நாற்காலியைத் தூக்கி வைக்கச் சொல்லுங்க! தரைதான் இது, சறுக்கு மரமில்ல!" என்று வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி முளையைக் கிள்ள உட்கார்ந்தார்.

பாஸும் தரையில் உட்கார்ந்தார். தானும் ஒரு முளையை எடுத்து வாலைக் கிள்ளினார். அவர் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது.

"நாற்காலிக்கே இவ்வளவு கோபம் வருது உங்களுக்கு. அவர் சுத்தியலால சுவத்தை அடிச்சப்ப ஏன் சும்மா இருந்தீங்க அம்மா?"

போங் அம்மாவின் கை நின்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்தச் சுத்தியல்?"

"கிம்ச்சி ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி," என்றார் பாஸ். "சுவர்ல மேலேயிருந்து கீழ வரைக்கும் விரிசல். பார்த்தா பயமா இருக்கு. ஆனா விரிசலோட ஓரத்துல வரிசையா உளிக் குழி. தானா விழுந்த விரிசலுக்கு உளிக் குழி இருக்காது. தூண் சேர்ற இடத்துலயும் அடிச்சிருக்கார்."

போங் அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். ஏழாவது மாடி ஜன்னல். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் சாத்தினார்.

"நான் மட்டுமா கேட்டேன்? பிளாக்கே கேட்டுச்சு. மறுநாள் பாதுகாப்புச் சோதனைக்கு வராங்க, இந்த பிளாக்ல மாதிரி வீடா தாக் வீட்டைத்தான் எடுத்திருந்தாங்க. அதுக்கு முந்தின சோதனையில நல்ல கட்டடம்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு இங்க எழவு வீடு மாதிரி இருந்துச்சு. மறுபடியும் தேறாம போனா எங்க ஆயுசுக்குள்ள புது வீடு கிடையாது. அவர் பாவம், யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுட்டு மத்தியானம் பூரா அடிச்சார். கீழ் மாடில டிவியைச் சத்தமா வெச்சாங்க. மேல் மாடில ரேடியோ. நான் மிக்ஸில தண்ணியை ஊத்தி ஓட்டினேன். அன்னிக்கு இந்த பிளாக்ல இருக்கிற எல்லாரும் செவிடு."

"சோதனையில ஆபத்துன்னு வந்துடுச்சு," என்றார் பாஸ்.

"வந்துச்சு. பேனர் கட்டினோம். அரிசிக் கேக் பண்ணி வீடு வீடாக் குடுத்தோம். அவர் முகத்தைப் பார்த்து 'நல்ல காரியம் பண்ணினீங்க'ன்னு ஒருத்தர் வாயைத் திறக்கல. எப்படிச் சொல்றது? சொன்னா தெரிஞ்சதாயிடும். தெரிஞ்சா நாங்களும் கூட்டு." அவர் மூக்கை உறிஞ்சினார். "அந்தப் பனிக்காலத்துலயே யொன்சுன் விழுந்தா. இந்த மனுஷன் பித்துப் பிடிச்ச மாதிரி கிளம்பி, அதே சுவத்துக்குப் பர்மிட் கேக்கறார். அவருக்கு அவ வரணும், வேற ஒண்ணும் மண்டையில ஏறல. முதல்ல நாங்களும் யோசிக்கல. பாவம்னு கையெழுத்துப் போட்டோம். அப்புறம்தான் உறைச்சுது. இன்ஜினீயர் வருவான். ஃப்ரிட்ஜை நகர்த்துவான். பார்ப்பான்."

"அவர் மேல கேஸ் வரும்," என்றேன். சொல்லும்போதே எனக்கு வாய் கசந்தது.

"ஜெயிலுக்குப் போயிட்டா யொன்சுன்னைப் பார்க்க யாரு போவா? நான் செத்துப் போயிட்டா தலை வாரிவிட யாரு? அதனாலதான் வீடு வீடாப் போய்ச் சொன்னேன், கையெழுத்தைத் திருப்பி வாங்குங்கன்னு. வெறுங்கையோட வாங்கினா அவர் மனசு நோகும்னு பையும் வாங்கிக் குடுத்தேன். பழம் வேற யாரோ வெச்சது." அவர் பாஸின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர்கிட்ட நான்தான்னு சொல்லுங்க. சத்தத்துக்காகத்தான்னு சொல்லுங்க. கெட்டவளா இருந்துட்டுப் போறேன். எங்களுக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மாடிப்படியில் ஏறும்போது நான் பாஸை விடவில்லை. "ஒரு வழிகூடவா இல்ல? பர்மிட் வேணாம். சத்தமில்லாம சுவத்தை எடுத்துடலாம். பிளாக்தான் செவிடாச்சே, இன்னொரு நாள் செவிடாகட்டும்."

"தூண் ஓரத்தை ஏற்கெனவே அடிச்சு வெச்சிருக்கார் ஊன்ஜு. மீதியையும் எடுத்தா நிஜமாவே போங் அம்மா தலை மேல வந்து இறங்கும்."

"அப்ப ஒத்துக்கட்டும். ஆபீஸ்ல போய் உண்மையைச் சொல்லட்டும்."

"சொன்னா அவர் உள்ள போவார், சோதனை ரத்தாகும், இத்தனை வீட்டுக் கனவும் போகும். அதுக்கப்புறமும் சுவர் அங்கயேதான் நிக்கும். வெள்ளிக்கிழமையும் வந்துடும்."

"புது வீடு கட்டற வரைக்கும்..."

"பத்து வருஷம் ஆகும். அந்தம்மாவுக்கு அவ்வளவு நாள் இருக்கா?"

மீதிப் படிகளை ஒரு ஜோக்கும் கடிக்காமல் ஏறினேன். என் வாழ்க்கையில் அபூர்வம்.

தாக் ஐயா கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"யார் சார்?"

"போங் அம்மா," என்றார் பாஸ். "சத்தம் பிடிக்கல அவங்களுக்கு."

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஆயிரம் பேர் சொன்ன பொய்யைப் பிடித்தவருக்கு, தானாக ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை. பார்வை தானாகவே சமையலறைப் பக்கம் போயிற்று. தாக் ஐயாவும் அந்தப் பக்கம் திரும்பினார். ஃப்ரிட்ஜைப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார்.

"போங் அம்மாவா? அவங்க யொன்சுன்னுக்காக உசிரையே குடுப்பாங்களே. சத்தத்துக்காக இதைச் செய்யறவங்க இல்லையே அவங்க..." முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. "அன்னிக்கு அவங்க இன்டர்காம்ல கூப்பிடவே இல்ல," என்றார் தனக்குத்தானே. "நான் நினைச்சேன், ஊருக்குப் போயிருக்காங்கன்னு."

அவர் எங்கள் பக்கம் நிமிர்ந்தார்.

"எல்லாருக்குமா தெரியும்?"

பாஸ் தலைகுனிந்தார்.

தாக் ஐயா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "நான்தான் அடைச்சிருக்கேன்," என்றார். "அவ வர்ற வழியை நானே என் கையால அடைச்சிருக்கேன். யார் கெடுத்தான்னு கண்டுபிடிக்க ஆள் வேற வெச்சேன்." சிரிக்கப் பார்த்தார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது அவர் செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மனைவிதான். தவறுதலாக ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"ஏங்க, ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?" தெளிவான, கொஞ்சம் அவசரமான குரல். "அடுப்பு மேடை உயரம் அளந்து வெச்சிருக்கேன். என் முழங்கை வரைக்கும் இருந்தா போதும். தச்சர்கிட்ட சொல்லிடுங்க."

"கிடைக்காது யொன்சுன்."

"யார் கையெழுத்துப் போடல? நான் பேசறேன்."

"எல்லாரும் போட்டாங்க. எல்லாரும் நல்லவங்க. நான்தான்... அந்தச் சுத்தியல் அடிச்ச சுவர்... எல்லாருக்கும் தெரியுமாம். இன்ஜினீயர் வந்தா பார்த்துடுவானாம்." அவர் அழுதுவிட்டார், வெட்கமில்லாமல், வாய்விட்டு.

வார்டில் யாரோ இருமுவது மட்டும் கேட்டது.

"அன்னிக்கு வாஷிங் மெஷினை வெறுமனே ஓட்டினது யாரு?" என்று கடைசியில் கேட்டார் யொன்சுன் அம்மா. "'இன்னும் நாலு போடு போடுங்க, புது வீட்ல பெரிய சமையல்கட்டா வரும்'னு சொன்னது யாரு? நான்தானே. நீங்க ஒருத்தரே தூக்கிச் சுமக்காதீங்க."

"யொன்சுன்..."

"அழாதீங்க. சாப்பிட்டீங்களா?"

"ராம்யொன்."

"நேத்து?"

அவர் அடுப்பின் மேலிருந்த ராம்யொன் சட்டியைப் பார்த்தார்.

"எழுந்திரிங்க," என்றார் அந்த அம்மா. "அடுப்புகிட்ட போங்க. போயிட்டீங்களா? மேல் தட்டுல கனமான மண்சட்டி இருக்கு, அதை எடுங்க. அரிசி கழுவின தண்ணியை ஊத்துங்க. பச்சைத் தண்ணி வேணாம். சோயா விழுது ஒரு கரண்டி, தலை தட்டி. உப்புப் போடாதீங்க, விழுதுலயே இருக்கு."

தாக் ஐயா சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். முப்பது வருஷத்தில் அந்த அம்மா அவரை அந்த அடுப்புப் பக்கம் அண்ட விட்டிருக்கமாட்டார். "இரு, எழுதிக்கறேன்," என்றார்.

"எழுத வேணாம், செய்யுங்க. நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க. இன்னிக்கு இது. நாளைக்கு முளைக் கூட்டு சொல்லித் தரேன், வியாழக்கிழமை மீன்." குரல் ஒரு நொடி தடுமாறி, மறுபடி பழைய அதட்டலுக்கு வந்தது. "வெள்ளிக்கிழமை அங்க கொண்டுபோயிட்டாங்கன்னா மலைக்குள்ள ஃபோன் கிடைக்காதாம். அதனால அதுக்குள்ள கத்துக்கோங்க."

பாஸ் என் தோளைத் தொட்டார். நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். உள்ளே தாக் ஐயா "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார்.